டலூலா மலையிடுக்கில் எளிய நடைப்பாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவின் வடபுறநகர்ப் பகுதியில் குடியிருப்பதாலும், டலூலா மலையிடுக்கு மாநிலப் பூங்காவுக்குப் பலமுறை போய்வந்திருப்பதாலும், வார இறுதிப் பயணம் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் தங்கள் ஐயங்களை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டலூலா என்பது ஓர் அருவியா, ஆறா, ஊரா? எங்கே இருக்கிறது?

மூன்றுமேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தொலைவில், 441-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி டலூலா ஃபால்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரின் ஓரத்தில் டலூலா ஆறு கடினமான குவார்ட்சைட் பாறையை அறுத்து, ஏறக்குறைய 2 மைல் நீளமும் 1,000 அடிக்குச் சற்றுக் குறைவான ஆழமும் கொண்ட மலையிடுக்கை உருவாக்கியிருக்கிறது. அதற்குள் அடுத்தடுத்து விழும் அருவிகளில் லடோர் 46 அடி, டெம்பெஸ்டா 76 அடி, ஹரிகேன் 96 அடி, ஓஷியானா 50 அடி, பிரைடல் வெயில் 17 அடி உயரம் கொண்டவை. இடுக்கின் இரு விளிம்புகளிலும் அடர்ந்த காடு. 1993-இல் இது மாநிலப் பூங்காவாயிற்று.

இவ்வளவு ஆழம் எப்படி வந்தது என்பதற்கு நிலவியலாளர்கள் தரும் விளக்கம் சுவையானது. டலூலா ஆறும் அருகிலுள்ள சட்டூகா ஆறும் ஒரு காலத்தில் தென்மேற்கே ஓடிச் சட்டஹூச்சி ஆற்றோடு சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவை அடைந்தன. பின்னர் சவன்னா ஆற்றின் தலைப்பகுதி மலையைப் பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து, இவ்விரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அட்லாண்டிக் பெருங்கடலுக்குப் போகும் வழி செங்குத்தானது என்பதால் ஆற்றின் வேகம் கூடியது, பாறை அறுபட்டது. இன்று டலூலாவும் சட்டூகாவும் கூடி டுகலூ என்ற பெயரில் சவன்னாவை நோக்கிச் செல்கின்றன.

மலை ஏறிப் பழக்கமே இல்லை. எந்தப் பாதையில் தொடங்கலாம்?

வடக்கு விளிம்புப் பாதையில். வண்டியை நிறுத்துவதற்கு 5 டாலர் கட்டணம். நிறுத்துமிடத்தின் அருகிலேயே ஜேன் ஹர்ட் யார்ன் விளக்க மையம் இருக்கிறது. அதன் பின்புறக் கதவைத் தாண்டினால் காட்டுக்குள் போகும் பாதை உங்களை விளிம்புக்கே கொண்டுவிடும். அங்கிருந்து இடமும் வலமுமாக 1 முதல் 5 வரை எண்ணிட்ட காட்சிமேடைகள் இருக்கின்றன. விளிம்பை ஒட்டியே நடப்பதால் ஏற்ற இறக்கம் குறைவு, பாதையின் மொத்த நீளமும் முக்கால் மைல் அளவுதான். ஒவ்வொரு மேடையிலும் நின்று பார்த்து, படம் எடுத்து, அடுத்தவருக்கு இடம் விட்டு நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

முதலில் மையத்துக்குள் ஒரு சுற்று போய்வருவது நல்லது. அந்தப் பகுதியின் நிலவியலையும், ஒரு காலத்தில் இங்கே இருந்த சுற்றுலா விடுதிகளின் வரலாற்றையும், காட்டுயிர்களையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு விளிம்புக்குப் போனவர்களுக்குக் கீழே தெரியும் ஒவ்வொரு அருவியின் பெயரும் நினைவில் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துத் தெற்கு விளிம்புக்கு எப்படிப் போவது?

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நெடுஞ்சாலைப் பாலம் வழியாக, அணையை ஒட்டி ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் சேர்வது. இதில் படிக்கட்டுத் தொல்லை இல்லை. மற்றது, மலையிடுக்குக்குள் இறங்கித் தொங்குபாலத்தைக் கடந்து மறுபுறம் ஏறுவது. இது எளிய வழி அல்ல, காரணம் அடுத்த பதிலில். தெற்கு விளிம்பில் 6 முதல் 10 வரையிலான மேடைகள் இருக்கின்றன. வடக்கில் கூட்டம் நெருக்கும் நாள்களில்கூட இங்கே ஓரளவு அமைதி கிடைக்கும் என்பதால், நேரம் இருந்தால் இதை விட்டுவிட வேண்டாம் என்பேன்.

ஹரிகேன் அருவிச் சுற்றுப்பாதை 2 மைல்தானே, அதையே முதலில் நடந்தால் என்ன?

இந்தக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தப் பூங்காவில் மைல் கணக்கை மறந்துவிட்டுப் படிக்கணக்கைப் பார்க்க வேண்டும். வடக்கு விளிம்பிலிருந்து தொங்குபாலம் வரை 310 படிகள். பாலத்திலிருந்து ஹரிகேன் அருவியின் அடிமேடை வரை மேலும் 221 படிகள். அங்கிருந்து அதே 221 படிகளை ஏறித் திரும்ப வேண்டும். பிறகு பாலத்திலிருந்து தெற்கு விளிம்புக்கு 347 படிகள். மொத்தம் 1,099. அவற்றில் இறங்குபவை 531, ஏறுபவை 568.

பழனி மலைக்கு 693 படிகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை ஏறியவர்களுக்கு இந்த எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் பழனியில் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். இங்கே அது தலைகீழ். இறங்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். அருவியின் சாரலில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மேலே பார்ப்பீர்கள். முதல்முறை என்னுடன் வந்த இளைஞர் ஒருவர், ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சியை ரசிப்பதுபோல் நின்றார்; மூன்றாவது திருப்பத்தில் ரசிக்கவும் அவருக்கு மூச்சு இல்லை.

சராசரி உடல்நலம் உள்ள யாரும் நிதானமாக இதை முடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் 'எளிய பாதை' என்ற பட்டியலில் நான் இதைச் சேர்க்க மாட்டேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. அழைத்துப் போகலாமா?

தயங்காமல் அழைத்துப் போகலாம், வடக்கு விளிம்போடு நிறுத்திக்கொண்டால். மேடைகளில் கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன, இடையிடையே உட்கார இடமும் உண்டு. முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதால், 'பாலம் வரை மட்டும் இறங்கிப் பார்ப்போமே' என்ற ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். பாலம் வரை போய் அதே வழியில் திரும்பினாலும் 620 படிகள் ஆகின்றன. இளையவர்கள் பாலத்துக்குப் போய்வரும் நேரத்தில் பெரியவர்கள் விளக்க மையத்தில் இருக்கலாம். குளிரூட்டிய அறையும் கழிவறையும் அங்கே உண்டு.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோக முடியுமா? சக்கர நாற்காலி செல்லுமா?

விளிம்புப் பாதையில் பழைய டயர்களைத் துகளாக்கி இட்ட மெத்தென்ற பரப்பு இருப்பதால், மையத்துக்கு அருகிலுள்ள பகுதிகளில் தள்ளுவண்டி ஓரளவு நன்றாகவே உருளும். சில இடங்களில் சரிவு இருக்கிறது. தள்ளுபவருக்குத் துணையாக இன்னொருவர் வேண்டும். படிகள் தொடங்கும் இடத்துக்கு அப்பால் எந்த வண்டியும் செல்லாது.

சக்கரங்களுக்கு இன்னும் ஏற்றது ஷார்ட்லைன் பாதை. 1882-இல் இந்த ஊரை எட்டி, 1961 வரை ஓடிய டலூலா ஃபால்ஸ் ரயில்பாதையின் தடத்தின்மேல் தளமிட்டு அமைத்திருக்கிறார்கள். ரயில் ஏறிய வழி என்பதால் சரிவு மிக மென்மையானது. மிதிவண்டிக்கும் அனுமதி உண்டு. அருவிகளின் காட்சி கிடைக்காது. ஆனால் மரநிழலும் ஆற்றோசையும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பாதை இங்கே இல்லை.

தொங்குபாலம் ஆடுமா? எனக்கு உயரம் என்றால் பயம்.

ஆடும். ஆற்றுத்தரையிலிருந்து 80 அடி உயரத்தில் தொங்குகிறது. எதிரே யாராவது நடந்துவந்தால் அசைவு காலில் தெரியும். பக்கவாட்டில் தடுப்புகள் உறுதியாக இருக்கின்றன. கீழே பார்க்காமல் எதிர்முனையிலுள்ள மரத்தைப் பார்த்து நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சோதனை பாலம் அல்ல. விளிம்பு மேடைகளின் உயரம் அதைவிடப் பல மடங்கு என்பதால், ஒரு மேடையில் நின்று உங்களைச் சோதித்துக்கொண்ட பிறகு பாலத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.

படங்களில் பார்த்த அளவுக்குத் தண்ணீரே இல்லையே, ஏன்?

நீங்கள் பார்த்த படம் தண்ணீர் திறந்துவிடும் நாளில் எடுத்ததாக இருக்கும். 1913-இல் மின் உற்பத்திக்காக மலையிடுக்கின் தலைப்பகுதியில் 126 அடி உயர அணை எழுப்பப்பட்டது. தேக்கிய நீரை ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கவழியே பாறைக்குள் கொண்டுசென்று, மலையிடுக்கின் கீழ்ப்பகுதியிலுள்ள மின்நிலையத்தில் சுமார் 600 அடி விழச்செய்கிறார்கள். ஆறு இயல்பாக விழவேண்டிய உயரத்தைச் சுழலிகள் எடுத்துக்கொண்டன. அருவிகளுக்கு மிஞ்சியது வினாடிக்கு 35 முதல் 50 கன அடி வரையிலான நீர் மட்டுமே. மேட்டூர் நீர்திறப்புச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு சொற்பம் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன் இந்த அருவிகளின் இரைச்சல் பல மைல் தொலைவுக்குக் கேட்டதாகவும், இவற்றைத் 'தெற்கின் நயாகரா' என்று அழைத்ததாகவும் சொல்வார்கள். ரயில் வந்தபின் விடுதிகள் பெருகிய சுற்றுலா ஊர் இது. அணைத் திட்டத்தை எதிர்த்து, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் தளபதி ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான ஹெலன் டார்ட்ச் லாங்ஸ்ட்ரீட் போராடினார். விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தீர்ப்பு மின் நிறுவனத்துக்கே சாதகமாக அமைந்தது. தண்ணீர் நின்றபின் பயணிகள் குறைந்தார்கள், 1921-இல் ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. அமெரிக்காவின் தென்பகுதியில் இயற்கைப் பாதுகாப்புக்காக நடந்த முன்னோடிப் போராட்டங்களுள் ஒன்று இது. தோற்ற வழக்குதான் என்றாலும், மேடையில் நின்று வற்றிய பாறைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த அம்மையாரின் நினைவுதான் முதலில் வருகிறது.

அப்படியானால் அருவி நிறைந்து விழுவதை எப்போது பார்க்கலாம்?

இருவகைத் திறப்புகள் இருக்கின்றன. காட்சிக்காக என்றே, ஆண்டின் சில குறிப்பிட்ட வார இறுதிகளில் வினாடிக்கு 200 கன அடி அளவு விடுகிறார்கள். கயாக் படகோட்டிகளுக்காக, ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வார இறுதிகளிலும் நவம்பர் மாதத்தின் முதல் மூன்று வார இறுதிகளிலும் சனிக்கிழமை 500 கன அடி, ஞாயிற்றுக்கிழமை 700 கன அடி விடுகிறார்கள். தோளில் படகைச் சுமந்துகொண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை இறங்கிப்போகும் படகோட்டிகளைப் பார்ப்பதே ஒரு காட்சி.

நவம்பர் முதல் வாரங்களில் இலைகளின் நிறமாற்றமும் நீர்திறப்பும் சேர்ந்துவரும் என்பதால் கூட்டம் மிக அதிகம். காலை 8 மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கே இருந்தால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

மலையிடுக்கின் அடித்தளத்துக்கு இறங்க அனுமதிச் சீட்டு வேண்டுமாமே?

ஆம். விளிம்புப் பாதைகளுக்கும், படிகளுக்கும், தொங்குபாலத்துக்கும் எந்தச் சீட்டும் தேவையில்லை. படிகள் முடியும் ஹரிகேன் மேடையைத் தாண்டி ஆற்றுக்குள் கால்வைக்கத்தான் சீட்டு. ஒரு நாளைக்கு 100 பேருக்கு மட்டும், முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையில், விளக்க மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வார இறுதிகளில் காலையிலேயே தீர்ந்துவிடும்.

சீட்டு கிடைத்துவிட்டது என்பதற்காக அது எளிய நடை ஆகிவிடாது. அங்கே பாதை என்று ஒன்று இல்லை. பாறைக்குப் பாறை தாவி ஆற்றைக் கடந்து, உருண்டு கிடக்கும் கற்களின்மேல் பிரைடல் வெயில் அருவிவரை போய், அங்கிருந்து செங்குத்தான தடத்தில் கைகளையும் பயன்படுத்தி விளிம்புக்கு ஏற வேண்டும். முதல்முறை வருபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர் திறக்கும் நாளில் வந்து, அன்றைக்கே அடித்தளத்துக்கும் போய்வந்துவிடலாமா?

முடியாது. திறப்பு நாள்களில் சீட்டு தருவதில்லை. மழையால் பாறை நனைந்திருந்தாலும் தருவதில்லை. நிறைந்த அருவியைப் பார்ப்பதற்கு ஒரு நாள், அடித்தளத்துக்கு வேறொரு நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செருப்பு போட்டுக்கொண்டு நடக்கலாமா?

விளிம்புப் பாதையில் நடப்பவரை யாரும் தடுக்க மாட்டார்கள். படிகளில் இறங்குவதென்றால் பிடிப்புள்ள காலணி வேண்டும். சாரலும் காலைப் பனியும் படிகளை வழுக்கச் செய்யும். அடித்தளத்துக்கு, கால்விரல் தெரியும் செருப்போடு வந்தால் சீட்டே கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே காலை 8 மணிக்கு வரிசையில் முதலாவதாக நின்றும் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆற்றில் குளிக்கலாமா?

குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு துண்டோடு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஹரிகேன் அருவியின் அடியில் குளிக்க முடியாது. பாறை வழுக்கும், குளம் ஆழமானது. கோடையில் நீந்த வேண்டுமானால் அணைக்கு மேலே, டலூலா ஏரியின் மணற்கரை இருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்கள் காலையில் விளிம்பு நடை, பிற்பகலில் ஏரிக்கரை என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம்.

நாயை அழைத்து வரலாமா?

கயிற்றில் பிடித்தபடி விளிம்புப் பாதைகளில் நடக்கலாம். படிகள் கொண்ட ஹரிகேன் சுற்றுப்பாதைக்கும், தொங்குபாலத்துக்கும், அடித்தளத்துக்கும் அனுமதி இல்லை. படிகளின் இடைவெளியில் கீழே உள்ளது தெரியும் என்பதால் நாய்களே இறங்க மறுக்கும்.

பாம்பு, கரடி உண்டா?

உண்டு. காப்பர்ஹெட், டிம்பர் ராட்டில் என்னும் இரண்டு நச்சுப்பாம்புகளும் கருங்கரடியும் வாழும் காடு இது. பாதையை விட்டு விலகாமலும், பாறை இடுக்கில் பார்க்காமல் கைவைக்காமலும் இருந்தால் பாம்பால் ஆபத்து மிகக் குறைவு. உணவை வெளியே விட்டுவைக்காமல் இருந்தால் கரடி நம்மைத் தேடி வராது. நம்மவர்களுக்கு உண்மையில் தொல்லை தருவது பாய்சன் ஐவி என்னும் கொடி. ஒரு காம்பில் மூன்று இலைகளாக இருக்கும். தொட்டால் சில நாள்களுக்குத் தோல் தடித்து அரிக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பாதையை விட்டு விலகிப் பூப்படம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ட்ரில்லியம் பெர்சிஸ்டென்ஸ் என்னும் சிறுசெடி உலகிலேயே இந்தப் பகுதியின் சில மலைச்சரிவுகளில் மட்டும்தான் வளர்கிறது. மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். வசந்தத் தொடக்கத்தில் பூக்கும். அருகிவரும் இனம் என்று 1978-இல் கூட்டரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ட்ரில்லியம் இனங்கள் விதையிலிருந்து முளைத்துப் பூக்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. நீங்கள் படம் எடுக்கும் பூ இதுவாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் காலுக்கு அடியில் நசுங்குவது எது என்று உங்களுக்குத் தெரியாது.

விளிம்பில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் கிடக்கிறதே, அது எதற்கு?

1970 ஜூலை 18 அன்று கார்ல் வாலண்டா என்னும் கம்பிநடைக் கலைஞர் மலையிடுக்கின் குறுக்கே கட்டிய கம்பியில் நடந்தார். அப்போது அவருக்கு வயது 65. ஏறத்தாழ 30,000 பேர் இரு விளிம்புகளிலும் கூடியிருக்க, நடுவழியில் இரண்டுமுறை தலைகீழாகவும் நின்றார். அந்தக் கம்பியைத் தாங்க நிறுத்திய கோபுரத்தின் எச்சம்தான் நீங்கள் பார்த்தது. அவருக்கு முன்பே, 1886-இல் லியான் என்னும் கலைஞர் இங்கே கம்பியில் நடந்திருக்கிறார்.

காலையில் வேலை இருக்கிறது. பிற்பகல் 3 மணிக்கு வந்தால் என்னென்ன பார்க்க முடியும்?

கோடை என்றால் வடக்கு விளிம்பை முழுதும் பார்த்துவிட்டு, உடல் இடங்கொடுத்தால் பாலம்வரை போய்வரலாம். நவம்பர், டிசம்பரில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். இருட்டும்போது பூங்காவை மூடிவிடுவார்கள், மலையிடுக்குக்குள் அதற்கு முன்பே நிழல் விழுந்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் மேடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால், கோடையில் மறைந்திருக்கும் எதிர்ச்சுவர்ப் பாறைகளெல்லாம் மேடையிலிருந்தே தெரியும். மின்நிலையத்துக்குப் போய்விட்ட தண்ணீரைத் தவிர, அன்றைக்கு உங்கள் பார்வைக்கு மிச்சம் ஏதும் இருக்காது.